பதினான்கு ‘ம்’

கூட்டக் குறிப்பில் என் பெயருக்கு நேராகப் பதினான்கு இடங்களில் ‘ஏற்றுக்கொண்டார்’ என்று அச்சடித்திருந்தது. நான் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ‘ம்’ என்றேன். பதினான்கு முறை சொல்லியிருப்பேன், அதற்கு மேலும் சொல்லியிருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் பேசும்போது கேட்கிறவர் ம் கொட்டாமல் இருந்தால் அது மரியாதை இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். கதை கேட்கிற குழந்தைகூட ம் கொட்டும். அந்தக் குழந்தை கதையில் வரும் ராட்சசனை ஏற்றுக்கொண்டதாக யாராவது எழுதி வைப்பார்களா?

இவர்கள் எழுதி வைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் தையல் சங்கத்தில் அளவு எடுக்கிறவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது எங்கள் சங்கத்தின் வேலை. துணியை வெட்டுவது டவுனில்; தைப்பது அவரவர் வீட்டு மெஷினில். கருணாபுரத்தில் சிலர் தைக்கிறார்கள். விஷச் சாராயத்தில் வீட்டு ஆண்கள் இல்லாமல் போன பிறகு மெஷின் மிதிக்கக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மலையில் வெள்ளிமலையைச் சுற்றிப் பதினொரு பேர். மலைப் பள்ளிகளுக்கு உரியதை மலைப் பெண்கள்தான் தைப்பது என்று சங்கம் தொடங்கியபோதே பேசி வைத்த ஏற்பாடு.

நான்கு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் என்னை அளவு எடுக்க வைத்ததே அதனால்தான். கடைகளில் ஒருவர் டேப்பை வைத்து ‘மார்பு முப்பத்திரண்டு’ என்று உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். வளர்கிற பெண்பிள்ளைக்கு அதைப்போல அவமானம் வேறு இல்லை. நான் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒருத்தியை மட்டும் உள்ளே விட்டு, டேப்பை வைத்துப் பார்த்து, வாய் திறக்காமல் நானே எழுதிக்கொள்வேன். மலைப் பள்ளிகளில் பிள்ளைகள் எனக்கு டேப்பம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மலையில் ஏழாம் வகுப்பு என்றால் அது ஒரு வயதும் இல்லை, ஒரு உயரமும் இல்லை. அப்பா அம்மா எஸ்டேட்டுக்கோ மரம் வெட்டவோ வெளியூர் போகும்போது பிள்ளைகளும் போவார்கள். சிலர் ஆறு மாதத்தில் வருவார்கள், சிலர் இரண்டு வருடம் கழித்து வருவார்கள். வந்ததும் விட்ட வகுப்பிலேயே உட்காருவார்கள். ஒரே பெஞ்சில் பன்னிரண்டு வயதுக்காரியும் பதினைந்து வயதுக்காரியும் இருப்பார்கள். அதனால் நாங்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அளப்போம். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைப்போம். வருடத்துக்குள் பிள்ளை வளர்ந்தால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவானது. எங்கள் செயலாளர் அம்மா நல்லவர்தான், ஆனால் கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்பவர். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. திட்டத்துக்குப் பொறுப்பாளராக வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையானவர், எல்லோரையும் அக்கா என்றார். சங்கத்துக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து, ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார். எந்த மென்பொருள் செய்தாலும் அவர்கள் கம்பெனி அந்தப் புத்தகத்தில் உள்ள படிகளின்படிதான் செய்யுமாம். முதலில் தேவை கேட்பது, பிறகு எழுதி ஒப்புதல் வாங்குவது, செய்வது, சோதிப்பது, ஒப்படைப்பது. எல்லா வேலையும் ஒன்றுபோல இருக்காது என்பதால், அந்தந்த வேலைக்கு ஏற்பப் படிகளைக் குறைத்துக்கொள்வார்களாம். அதற்கென்று ஒரு தாள் இருந்தது. இடப்பக்கம் படிகளின் பெயர். அடுத்து ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ என்று இரண்டு கட்டம். கடைசியில் ‘காரணம்’.

“ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஏத்த மாதிரி எங்க ப்ராசஸை டெய்லர் பண்ணிக்குவோங்க” என்றார்.

முன்வரிசையில் வெள்ளிமலைக்காரி உட்கார்ந்திருந்தாள். மலையில் தைக்கிற பதினொரு பேரில் ஒருத்தி, என் வயது, என் சிநேகிதி. எனக்கு வராத பேச்சும் சேர்த்து அவளுக்கு வரும்.

“டெய்லரா? நம்மாளுதான்டி. அப்போ அளவு எப்போ எடுத்தீங்க சார்?”

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். இது வேறு டெய்லர் என்றார். வேறு டெய்லராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தாள் ஏற்கெனவே நிரப்பி எடுத்து வரப்பட்டிருந்தது. கைமாறி என்னிடம் வந்தபோது பார்த்தேன். மேல் ஓரத்தில் வேறு ஏதோ ஆலையின் பெயரை அடித்துவிட்டு எங்கள் சங்கத்தின் பெயர் எழுதியிருந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட் தருவார்கள். இவர்கள் பக்கத்து வீட்டுக்காரியின் ஜாக்கெட்டை அளவுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

‘பயன்படுத்துவோர் இடத்துக்கு நேரில் செல்லுதல்: பொருந்தாது. காரணம்: சிறிய திட்டம்.’ ‘பயன்படுத்துவோர் இடத்தில் வைத்துச் சோதித்தல்: பொருந்தாது. காரணம்: சிறிய திட்டம்.’ சரி, எதைத்தான் வைத்துக்கொண்டார்கள்? திங்கள்தோறும் போனில் கூட்டம். மாற்றம் கேட்டால் படிவம், மூன்று பிரதி, முத்திரையுடன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பு.

எங்களுக்கும் படிகள் உண்டு. அளப்பது, வெட்டுவது, தைப்பது, ஓரம் அடிப்பது, பட்டன் வைப்பது. பள்ளி திறக்க நாள் நெருங்கினால் நாங்களும் குறைப்போம். ஓரத்தைக் கொஞ்சம் பெரிய தையலாகப் போடுவோம். இஸ்திரியை விட்டுவிடுவோம். அளவை விட்டுவிட்டு இஸ்திரி போட மாட்டோம். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பது பத்தாவது படித்த எனக்குத் தெரிகிறது. இதையெல்லாம் அன்றைக்கே கூடத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். தாளை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு பதினான்கு ‘ம்’ சொன்ன அந்தத் திங்கட்கிழமை வந்தது. வெட்டிய துணிக்கட்டுகளைக் கொடுக்க நான் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். சிக்னல் கிடைக்கிற இடம் தேடி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். காற்று. ஜீப் சத்தம். பொறுப்பாளர் தேவைப் பட்டியலை வாசித்தார். தொடங்கும்போதே அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

“அக்கா, மலை மேல இருக்கீங்க, லைன் கட்டாயிடும். அப்பப்போ ம் சொல்லிக்கினே இருங்க, நீங்க இருக்கீங்கன்னு தெரியும்.”

சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு ‘ஓகேங்களா’ என்றார், அது உண்மை. ஆனால் அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பார். இங்க மழைங்க, ஓகேங்களா என்பார். பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. மாஸ்டர், மேப்பிங் என்று என்னென்னவோ. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

ஒன்பதாவது மட்டும் நன்றாகவே விளங்கியது. இதை நான் மறைக்கக் கூடாது. வகுப்பைப் போட்டால் அளவு தானாக வந்துவிடும், தனியாக அளவு எழுதத் தேவையில்லை என்றார். எனக்குத் திக்கென்றது. அவர் முடிக்கட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தேன். லைன் இருக்கிறது என்பதற்காக ம் என்றேன். அவர் பத்தாவதுக்குப் போய்விட்டார். பதினான்கு முடிந்ததும் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மென்பொருளைச் சோதித்தது சென்னையில், அவர்கள் மேசையில். சோதிக்க இருபது பிள்ளைகளைக் கற்பனையாக உண்டாக்கி உள்ளே ஏற்றினார்களாம். அந்த இருபது பிள்ளைகளும் சரியான வயதில் சரியான வகுப்பில் படித்தார்கள். ஒருத்திகூட எஸ்டேட்டுக்குப் போகவில்லை. ஒருத்திகூட இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரவில்லை. சோதனை முழு வெற்றி என்று செயலாளர் அம்மாவுக்குத் தகவல் வந்தது. அவர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார்.

வகுப்பைத் தட்டினோம், அளவு வந்தது. உள்ளே விடும் துணிக்கு அதில் இடமே இல்லை. அந்த அளவுக்கு வெட்டினார்கள், அந்த அளவுக்குத் தைத்தார்கள். பள்ளி திறந்ததும் முதல் செட் மலைக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிமலைக்காரி போன் செய்தாள். உடனே வா என்றாள். அவள் அப்படி யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை. காலை பஸ்ஸில் போனேன். தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்றின் வாசலில் அவள் எனக்காக நின்றாள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். எஸ்டேட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள், பதினைந்து நடக்கிறது. புத்தகப் பையை முதுகில் போடாமல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படித்தானாம். சாப்பிடும்போதும் பை மடியில். கபடியில் அந்தப் பள்ளியிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லையாம். பள்ளி திறந்ததிலிருந்து மைதானத்துப் பக்கம் போகவில்லை.

“பைய எறக்கி வச்சா எல்லாரும் பாக்குறாங்க டேப்பம்மா” என்றாள், என்னைப் பார்க்காமல்.

கதவைச் சாத்திவிட்டு அளந்தேன். சட்டை அவளுக்கு ஐந்து இஞ்ச் கம்மி. கை தூக்கினால் அக்குள் தையல் விட்டுப்போகும் நிலையில் இருந்தது. பிரித்து விட உள்ளே ஒரு நூல் அளவு துணி இல்லை. அவளைப்போல அந்தப் பள்ளியில் இன்னும் பலர். தலைமை ஆசிரியை நேராகவே சொன்னார்: அடுத்த செட்டும் இப்படி வந்தால், மலைப் பெண்களின் தையல் வேண்டாம், வெளியிலிருந்து ரெடிமேட் அனுப்புங்கள் என்று மேலே எழுதிவிடுவேன். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது தையல்தான்.

வெளியே வந்ததும் வெள்ளிமலைக்காரி சொன்னாள்: “கை எங்க கை. அளவு யாருதோ. திட்டு மட்டும் எங்களுக்கு. நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

பஸ்ஸில் மலை இறங்கும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் என் மேல். கீழே வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் மேலும்.

செயலாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் பதறி, மாற்றம் கேட்கும் படிவத்தை எடுத்துத் தந்தார். மூன்று பிரதி. அதில் ஒரு கட்டம்: ‘முன்பு ஏற்றுக்கொண்ட முடிவை மாற்றக் கோருவதன் காரணம்.’ நான் எப்போது ஏற்றுக்கொண்டேன் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டினார். பதினான்கு வரி. பதினான்கு ‘ஏற்றுக்கொண்டார்’. போன் பேச்சு பதிவானதைக் கேட்டுக் குறிப்பு எழுதுகிற ஒரு பெண் சென்னையில் இருக்கிறாளாம். மறுப்பு இல்லையென்றால் ஏற்றதாக எழுத வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். இந்தப் படியை மட்டும் யாரும் எதற்காகவும் ‘பொருந்தாது’ என்று போட்டதில்லை.

படிவத்தை நான் நிரப்பவில்லை. நிரப்பினால் நான் முன்பு ஏற்றுக்கொண்டது உண்மை என்றாகிவிடும்.

அடுத்து இறுதி ஒப்புதல் கூட்டம். அதில் சரி என்று சொல்லிவிட்டால் மென்பொருள் அப்படியே நிலைத்துவிடும், இரண்டாவது செட்டும் அதே அளவில் வெட்டப்படும். சங்கத்து மேசையில் லேப்டாப். திரையில் பொறுப்பாளர், அவருக்கு மேலதிகாரி ஒருவர், குறிப்பு எழுதுகிற பெண். இந்தப் பக்கம் செயலாளர் அம்மா, நான், எனக்குத் துணையாக மலையிறங்கி வந்த வெள்ளிமலைக்காரி.

“அக்கா, மொதல் பாயிண்ட். லாகின் நல்லா வருது. ஓகேங்களா?”

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நாற்பத்தாறு வருடத்துப் பழக்கம், ம் என்பது தொண்டை வரை வந்து நின்றது.

“அக்கா, கேக்குதுங்களா?”

செயலாளர் அம்மா முழங்கையால் இடித்தார். “ம் சொல்லும்மா” என்று கிசுகிசுத்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்பு எழுதுகிற பெண், கள்ளக்குறிச்சிப் பக்கம் படம் அப்படியே நின்றுவிட்டது என்றாள். வெள்ளிமலைக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவர்கள் இணைப்பைத் துண்டித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் முதல் பாயிண்ட். மறுபடியும் நான் பேசவில்லை. மேலதிகாரி பட்டியலை அடுத்த பக்கம் தள்ளச் சொன்னபோதுதான் என் குரல் வந்தது. அது என் குரல்போலவே இல்லை.

“கேக்குதுங்க. லைன் நல்லா கீது. நாந்தான் ம் சொல்லல.”

நான் நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று தெரியும். நீங்கள்தானே ம் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னீர்கள், அதை எப்படி ஒப்புதலாக எழுதினீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் கொண்டுவந்த அந்தத் தாளை எடுக்கச் சொன்னேன். நேரில் போவது பொருந்தாது என்று எழுதினீர்களே, ஏன் என்றேன். பொறுப்பாளர் தாழ்ந்த குரலில், சின்ன ப்ராஜெக்ட் அக்கா, அதனால்தான் என்றார்.

“ப்ராஜெக்ட்டு சின்னதா இருக்கலாங்க. அந்தப் பொண்ணு சின்னது இல்ல.”

பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவளைப் பற்றிச் சொன்னேன். நான் விட்டதை வெள்ளிமலைக்காரி சொன்னாள். மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை மாற்றக் கோரிக்கையாக அனுப்புங்கள், எங்கள் வழிமுறைப்படி பார்க்கிறோம் என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. ‘இணைப்புக் கோளாறு காரணமாகக் கள்ளக்குறிச்சித் தரப்பின் கருத்து முழுமையாகப் பெறப்படவில்லை. மறுப்பு இல்லை.’

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அது அவர்களுக்குக் கோளாறு. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். ‘இணைப்பு நன்றாக இருந்தது. ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: ‘நேரில் செல்லுதல்: பொருந்தும். காரணம்: பிள்ளைகள் மலையில் இருக்கிறார்கள்.’ செயலாளர் அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இது சரிவருமா என்றார். இருந்தாலும் முத்திரையை எடுத்தார். நகல் எடுத்து மூன்று பிரதியிலும் குத்தினார். மூன்று பிரதியும் முத்திரையும் அவர்கள் விடாமல் வைத்துக்கொண்ட படிதானே, அதையே அவர்களுக்கு அனுப்பி வைத்தோம்.

பத்து நாள் கழித்துப் பொறுப்பாளர் வந்தார். வளைவுகளில் ஜீப் ஏறும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் கோபம் அதனால் குறையவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாம் வகுப்புப் பெண்களை ஒவ்வொருத்தியாக அளந்தேன். அவர் வெளியே மரத்தடியில் காத்திருந்தார். முடிந்ததும் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு அளவுகளை மட்டும் காட்டினேன். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்துநாலு. அவர் விரலை வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

“இவங்க எல்லாம் ஒரே கிளாஸுங்களா?”

“ம்” என்றேன். அந்த ம்முக்கு ஆமாம் என்று அர்த்தம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அளவு எழுத ஒரு கட்டமும், உள்ளே எவ்வளவு துணி விடுவது என்பதற்கு ஒரு கட்டமும் வைத்தார்கள். நான்கு நாள் வேலைதானாம். நான்கு நாள் வேலைக்காக அந்தப் பெண் எத்தனை வாரம் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள் என்று யாரும் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை. கடைசி அறிக்கையில் எழுதியது வேறு: ‘திட்டக் குழு தானாக முன்வந்து நேரடி ஆய்வு மேற்கொண்டது.’ பழைய பதினான்கு ‘ஏற்றுக்கொண்டார்’ இன்னும் அப்படியே இருக்கிறது. முடிந்த குறிப்பை மாற்ற அவர்கள் புத்தகத்தில் வழி இல்லையாம்.

போனில் யார் பேசினாலும் இப்போது நான் ம் கொட்டுவதில்லை. உளுந்தூர்பேட்டையில் இருக்கிற என் அக்கா பேசிப் பேசி, ஹலோ ஹலோ என்று கத்தி, ஒரு நாள் கோபித்துக்கொண்டு வைத்தேவிட்டாள்.

இரண்டாவது செட்டை நானே கொண்டுபோனேன். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். கையை மேலே தூக்கினாள், பக்கவாட்டில் நீட்டினாள், ஆளைப் பிடிக்கப் போகிறவள்போலக் குனிந்து நிமிர்ந்தாள். பை பெஞ்சின் மேல் கிடந்தது.

“உள்ள எவ்ளோ வுட்டுருக்கீங்க டேப்பம்மா?”

வெளியே மற்றப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கிட்டப் போய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஒன்றரை இஞ்ச் என்றேன்.